புறக்கணிக்கப்பட்ட கவிஞருக்கு ஒரு மௌன அஞ்சலி

துறைமுகப் பிரதேசக் கலை இலக்கிய மேம்பாட்டு ஒன்றியம் வெளியிடாத புத்தகம் திருக்கோணமலையில் புத்தகமாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்டால், ஒன்றியம்தான் போட்டது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று உரைகள் வரிசையாக மேலே விழுந்தும் உயிர் தப்பிக் கிடக்கிற புத்தகம்தான் இலக்கியம் என்பது அவர்களுடைய கட்சி. பலவீனமான சில புத்தகங்கள் தலைமையுரையோடேயே போய்ச் சேர்ந்ததுண்டு.

இந்த விபரம் ஒன்றும் பஸ்னாவுக்குத் தெரியாது. அவள் கிண்ணியாவில் இருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் வேலை செய்கிறவள். எந்தக் கப்பலில் என்ன வருகிறது, ஏன் இன்னும் வரவில்லை என்று வெளிநாட்டுத் துறைமுகங்களோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டுவது அவளுடைய வேலை. அப்படி மல்லுக்கட்டிய துறைமுகங்களில் ஒன்று ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தது. பெயரைச் சொன்னாலும் வரைபடத்தில் விரல் வைக்க நமக்குத் தெரியாது, விடுங்கள். அங்கே இவளைப் போலவே ஒரு மேசையில் இருந்து, இவளைப் போலவே ஏச்சு வாங்குகிறவள் கிரேஸ். பிந்திப்போன ஒரு சீமெந்துக் கப்பலுக்காக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே இரண்டு பேரும் சிநேகிதிகள் ஆனார்கள்.

கிரேஸின் தகப்பன் எலியாஸ் கபிண்டு கவிதை எழுதுகிறவர். அவருடைய முதற் புத்தகம் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை, பிடித்து உள்ளே போட்டார்கள். இரண்டாவது புத்தகம் வந்ததே ஒருவருக்கும் தெரியாது. முதலாவதற்காக மறியலில் கிடந்ததை மனிசன் தாங்கிக்கொண்டார். இரண்டாவதற்காக ஒருவர்கூட ஏசாமல் விட்டதுதான் அவரை உடைத்துப் போட்டது. இப்போது கண் தெரியாது, கட்டிலை விட்டு இறங்க முடியாது, காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

கிரேஸ் ஆங்கிலத்தில் அனுப்பிய கவிதைகளில் ஒன்றை பஸ்னா ஒரு மத்தியானம் வாசித்தாள். அன்றைக்குக் கொண்டுவந்த சோற்றுப் பார்சலை அவளால் சாப்பிட முடியவில்லை. பிறகு மத்தியானங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் எழுதத் தொடங்கி, அது ஒரு சிறிய புத்தகத்துக்குக் காணுமென்று ஆனபோது கிழவரிடம் அனுமதி கேட்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மனிசர் நிறைந்த ஒரு மண்டபத்தில் தன் கவிதையை யாராவது வாசிக்கத் தான் ஒருமுறை கேட்க வேண்டும், எந்தப் பாஷையென்றாலும் சரி. தொலைபேசியில் கேட்க வைக்கிறேன் என்று பஸ்னா வாக்குக் கொடுத்தாள். மண்டபம் வேண்டுமென்றால் ஒன்றியத்திடம்தான் போகவேண்டும் என்று ஆட்கள் சொன்னார்கள், போனாள்.

ஒன்றியத்தின் தலைவர் பாக்கியரத்தினம் முன்னாள் பாடசாலை அதிபர். அதைவிடப் பரீட்சை மண்டப மேற்பார்வையாளராகப் பேரெடுத்தவர். அவர் மேற்பார்வை செய்த மண்டபத்தில் தும்மல் வந்த பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் தும்மினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவர் கையெழுத்துப் பிரதியை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல முயற்சி, பிள்ளை. மொழியும் நல்லாயிருக்குது. ஆனா விரக்தி கூடிப்போச்சு."

"அவர் விரக்தியைப் பத்தித்தானே சேர் எழுதியிருக்கிறார்."

"எழுதட்டும். நாங்கள் வேண்டாமெண்டு சொல்லேல்ல. எதுக்கும் ஒரு அளவு வேணும். எந்தப் படைப்பும் நம்பிக்கையில முடியவேணும் எண்டு எங்கட ஒன்றியத்து யாப்பு விதியிலயே இருக்குது. தலைப்பைப் பாருங்கோ. 'இனி ஒன்றும் வராது'. இதை மேடையில அறிவிச்சால் சனம் என்ன நினைக்கும்? சிற்றுண்டியைத்தான் சொல்லுறம் எண்டு எழும்பிப் போயிடும்."

செயலாளர் யோகலிங்கம் உதவிக்கு வந்தார். எந்தச் சிக்கலுக்கும் வழி வைத்திருக்கிற மனிசன். "'இனி எல்லாம் வரும்' எண்டு மாத்துவமே? பெரிய வித்தியாசம் இல்லைத்தானே. கடைசியில ஒரு நம்பிக்கை வரியும் சேர்க்கச் சொல்லிக் கவிஞரிட்டக் கேளுங்கோ, தங்கச்சி. விடியல், சூரியன், அப்பிடி ஏதாவது. ஆபிரிக்காவில சூரியனுக்குக் குறைவில்லை."

பஸ்னா கேட்டாள். கிரேஸ் மூலம் பதில் வந்தது. நானும் இவ்வளவு காலமும் அதைத்தான் தேடினேன், அங்கே கிடந்தால் எனக்கும் கொஞ்சம் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள் என்று கிழவர் சொல்லியிருந்தார். ஒன்றியம் இந்தப் பதிலை ஆராய்வதற்கு ஓர் உபகுழுவை நியமித்தது.

அடுத்த கூட்டத்தில் விரக்தியை விட்டுவிட்டுச் சமூக விமர்சனத்தைப் பிடித்தார்கள்.

"சமூக விமர்சனம் தாராளமா இருக்கலாம்," என்றார் பாக்கியரத்தினம். "நாங்கள் அதுக்கு எதிரில்லை. ஆனா எந்தச் சமூகம் எண்டு சனத்துக்குத் தெளிவா விளங்கவேணும். தூரத்துச் சமூகம் எண்டால் எவ்வளவும் விமர்சிக்கலாம். அதுக்கு ஒன்றியத்தின்ர முழு ஆதரவும் இருக்கும்."

யோகலிங்கம் ஒரு வரியில் விரலை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "சேர், இந்தத் துறைமுகத்துக் கம்பிவேலி எங்கயோ பார்த்த மாதிரிக் கிடக்குது."

"ஆபிரிக்கக் கம்பிவேலி எண்டு போடுங்கோ."

"இந்த வரியில அடிக்கல்லுக்கு மேல ஆடு படுக்குது."

மேசையைச் சுற்றி ஒரு சங்கடம் பரவியது. ஒன்றியத்துக்கென்று இலக்கிய மாளிகை கட்டக் கப்பல்துறை என்ற ஊரில் ஓர் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. நாட்டியவர் பாக்கியரத்தினம். அதற்குப் பிறகு அங்கே புல் மட்டும்தான் வளர்ந்தது.

"ஆட்டை மாடாக்கி விடுவமா?" என்றார் யோகலிங்கம்.

"மாடாக்கினால்தான் பிரச்சினை. அங்க படுக்கிறது மாடு," என்றார் தலைவர். "ஆடாவே இருக்கட்டும்."

பஸ்னா சாந்தமான பிள்ளைதான். ஆனால் கிண்ணியா பஸ்ஸில் தினமும் இடம் பிடித்துப் பழகியவள், எதை விடலாம் எதை விடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அட்டையில் எத்தனை தரமும் ஆபிரிக்கா என்று போடுங்கள், உள்ளே ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது, மேடையில் ஒரு கவிதையை நான் முழுதாக வாசிக்க வேண்டும் என்றாள். பேரம் படிந்தது. 'புறக்கணிக்கப்பட்ட ஆபிரிக்கக் கவிஞரின் ஆபிரிக்கக் கவிதைகள்' என்று அட்டை வந்தது. தலைப்பில் 'இனி' மட்டும் நின்றது, பின்னால் மூன்று புள்ளிகள். நம்பிக்கை உள்ளவர்கள் தங்கள் நம்பிக்கையை அந்தப் புள்ளிகளில் வைத்துக்கொள்ளலாம் என்று உபகுழு தீர்மானித்திருந்தது.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபத்துக்குள் வந்த பஸ்னா வாசலிலேயே நின்றுவிட்டாள். மேடையில் கபிண்டுவின் படம் ஒரு கதிரையில் வைக்கப்பட்டிருந்தது. படத்துக்குச் சந்தன மாலை போட்டு, முன்னால் ஒரு சிறிய விளக்கும் ஏற்றியிருந்தார்கள். காலமான எழுத்தாளர்களுக்கென்று ஒன்றியம் அலுமாரியில் வைத்திருக்கிற அதே மாலைதான்.

"சேர், இவர் உயிரோட இருக்கிறார்," என்றாள் யோகலிங்கத்திடம்.

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என்ன தங்கச்சி சொல்லுறீங்கள்? புறக்கணிக்கப்பட்ட கவிஞர் எண்டெல்லே சொன்னீங்கள்."

"ஓம். ஆனா மௌத்தாகல்லையே. இப்ப என்ட ஃபோன்ல கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"உயிரோட இருக்கிறவரை நாங்கள் எப்பிடிக் கௌரவிக்கிறது? அதுக்கு எங்களிட்ட நடைமுறை இல்லை. மௌன அஞ்சலியும் நிகழ்ச்சி நிரலில அச்சடிச்சாச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "முதலே எழுத்தில தந்திருக்க வேணும்."

பஸ்னா தொலைபேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மேடையின் ஓரக் கதிரையில் போய் இருந்தாள். மறுமுனையில் கிரேஸ் சொன்னாள், தகப்பனுக்குக் கழுவிய சேட்டுப் போட்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து இருத்தியிருக்கிறதாக. தாதி வந்து ஊசி போட்டால் அவர் நித்திரையாகிவிடுவார். இப்போதெல்லாம் அந்த நித்திரை நீண்டுகொண்டே போகிறது. இன்னொரு நாளைக்கு வைப்போம் என்று சொல்லத் தனக்குத் துணிவில்லை என்றாள்.

வழக்கமாக மௌன அஞ்சலிதான் முதல் நிகழ்வு. அன்றைக்கு விழாவின் புரவலர் ஜெமீல் ஹாஜியார் தம்பலகாமத்தில் நெல் விசயமாகப் போய் இன்னும் வந்து சேரவில்லை. புரவலர் இல்லாமல் மௌனமாக இருப்பது மரியாதையில்லை என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுப் பேசத் தொடங்கினார்கள்.

யோகலிங்கம் வரவேற்புரையில் வந்தவர்களையெல்லாம் பெயர் சொல்லி வரவேற்றார். பிறகு, வருவதாகச் சொல்லி வராதவர்களையும் பெயர் சொல்லி வரவேற்றார்.

"இதுதான் என் கவிதையா என்று அப்பா கேட்கிறார்," என்றாள் கிரேஸ் தொலைபேசியில்.

"இல்லை. இது ஆட்களின் பெயர்கள்," என்று பஸ்னா கிசுகிசுத்தாள்.

பாக்கியரத்தினம் தலைமையுரைக்கு எழுந்தார். "கபிண்டு என்ற மாபெரும் கவிஞரை அவருடைய நாடு புறக்கணித்தது. நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம். எங்கள் எழுத்தாளர் ஒருவர் காலமானார் என்ற செய்தி கிடைத்தால் அன்று பின்னேரமே அவரைப் பாராட்டிவிடுகிறோம். இந்தக் கவிஞர் தன் நாட்டின் நிலையை நினைத்து அழுகிறார். அங்கே அடிக்கல்லை நாட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்களாம். எவ்வளவு கொடுமை. நாங்கள் நாட்டிய அடிக்கல்லை நாங்கள் அப்படியே விடவில்லை. போன வருடமும் அதற்கு வெள்ளை அடித்தோம்."

கைதட்டல் கேட்டது. "இவர் கோபமாகப் பேசுகிறார், இதுவாக இருக்குமோ என்று அப்பா கேட்கிறார்," என்றாள் கிரேஸ். இல்லை என்றாள் பஸ்னா.

சிறப்புரையாளர் வெளியூரில் இருந்து வந்த ஒரு கலாநிதி. ஆபிரிக்காவைப் பற்றிப் பேசத் தனக்குத் தகுதி இருப்பதாகவும், ஒருதரம் விமானம் மாறுவதற்காக அங்கே இறங்கியிருப்பதாகவும் சொன்னார். "அந்த மண்ணின் விரக்தியை நான் விமான நிலையத்திலேயே உணர்ந்தேன். என்னுடைய பெட்டி வரவில்லை. இனி ஒன்றும் வராது என்று கவிஞர் எழுதியிருக்கிறாராம், அந்த வரி எவ்வளவு ஆழமானது என்பது பெட்டியைத் தொலைத்தவனுக்குத்தான் தெரியும்." இந்தப் புத்தகத்தைத் தான் வேண்டுமென்றே வாசிக்காமல் வந்திருப்பதாகவும், வாசித்தால் தன் கருத்துகளின் சுதந்திரம் கெட்டுவிடும் என்றும் சொல்லி, அந்தச் சுதந்திரத்தோடு நெடுநேரம் பேசினார்.

கிரேஸ் மறுபடி தொலைபேசிக்கு வந்தாள். "என் கவிதை இவ்வளவு நீளமில்லையே, நான்தான் மறந்துபோனேனோ என்று கேட்கிறார்."

பஸ்னா கதிரை நுனிக்கு வந்துவிட்டாள். அந்தக் கலாநிதியைப் பிடித்துத் தள்ளிவிட்டு வாசிக்கலாமா என்றுகூட நினைத்தாள். வாக்குக் கொடுக்கும்போது இப்படி ஒரு வரிசையில் நிற்க வேண்டிவரும் என்று அவள் கண்டாளா?

பிறகு பொன்னாடை. மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்டார்கள். கவிஞருக்கான பொன்னாடையை அவர் சார்பில் தலைவர் பெற்றுக்கொண்டார். அந்த நேரத்தில் ஜெமீல் ஹாஜியார் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். நல்ல மனிசன். அவர் வீட்டு அலுமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு, எல்லாம் இப்படி மேடையில் வாங்கிய முதற்பிரதிகள். அன்றைய முதற்பிரதியையும் வாங்கிக்கொண்டு பஸ்னாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"உள்ளுக்கு என்ன மகள் எழுதியிருக்கு?" என்று கேட்டார். "எனக்கு வாசிக்க நேரமில்ல. ஆரும் வாசிச்சாக் கேப்பன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பேசத்தான் செய்றாங்க, வாசிக்கிறாங்க இல்ல."

"இப்ப நான் வாசிக்கப் போறன், ஹாஜியார்."

அவள் எழுந்தபோது யோகலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். மண்டபத்தை ஒரு கலியாண வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும், மணவறைச் சாமான்கள் வாசலில் வந்து நின்றன. "நேரமின்மை காரணமாகக் கவிதை வாசிப்புத் தவிர்க்கப்படுகிறது. கவிதை புத்தகத்தில் இருக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் வீட்டில் வாசிக்கலாம். இறுதியாக, மறைந்த கவிஞருக்கு மௌன அஞ்சலி."

பஸ்னா அவரிடம் ஓடினாள். "சேர், ஒரே ஒரு கவிதை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார்."

"மௌன அஞ்சலியை வெட்ட ஏலாது, தங்கச்சி. அது கவிஞருக்குக் குடுக்கிற மரியாதை."

பாக்கியரத்தினம் எழுந்து நின்றார். மண்டபம் முழுவதும் எழுந்தது. ஒன்றியத்தைப் பற்றி வேறு எந்தக் குறையும் சொல்லலாம், அவர்களுடைய மௌனத்தில் குறை பிடிக்க முடியாது. தலைவர் 'நன்றி, இருங்கள்' என்று உட்காரச் சொல்லும்வரைக்கும் ஒருவர் வாய் திறக்கக் கூடாது, ஒருவர் அசையக் கூடாது. ஒருமுறை மௌனத்தில் இருமிய ஓர் ஆயுட்கால உறுப்பினர் இப்போது உறுப்பினர் இல்லை.

விழா தொடங்கிய பிறகு அப்போதுதான் முதல் தடவையாக ஒருவரும் பேசவில்லை. பஸ்னாவின் கைக்குள் தொலைபேசி சின்னக் குரலில் கேட்டது. "சத்தம் நின்றுவிட்டது. தாதி படியேறி வருகிறாள். எல்லாம் முடிந்துவிட்டதா, பஸ்னா?"

பஸ்னா ஒலிவாங்கியைப் பார்த்தாள். அதற்கு முன்னால் ஆளில்லை. நடந்து போய்த் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுதான்," என்று கிரேஸிடம் சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்தாள்.

*கப்பல் வரும் என்றார்கள்.*
*கம்பிவேலிக்கு இப்பால் நின்று*
*என் தகப்பன் கைகாட்டினான்.*
*கப்பல் வந்தது.*
*எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.*

பாக்கியரத்தினத்தின் வாய் திறந்தது. திறந்தவுடன், தான் பேசினால் மௌனத்தைக் குலைத்தவர் தானாகிவிடுவார் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வாய் மூடிக்கொண்டது. யோகலிங்கம் கண்ணால் ஏதோ சைகை செய்தார். அசையக் கூடாது என்பதால் அது கண்ணோடேயே நின்றுவிட்டது.

*பாடசாலை வரும் என்றார்கள்.*
*அடிக்கல் வந்தது.*
*அதன்மேல் ஆடு படுத்தது.*
*ஒவ்வொரு தேர்தலுக்கும்*
*ஆட்டை எழுப்பிவிட்டுக்*
*கல்லைக் கழுவினார்கள்.*

பின் வரிசையில் கப்பல்துறையில் இருந்து வந்த யாரோ ஒருவர் சிரிப்பை மூக்கால் விட்டார். பிறகு அதுவும் இல்லை. ஜெமீல் ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

*நம்பு என்றார்கள், நம்பினேன்.*
*என் வயதெல்லாம் அதற்கே போயிற்று.*
*இனி ஒன்றும் வராது.*
*பிள்ளைகளே, காத்திருப்பதை விட்டுவிட்டு*
*என் பக்கத்தில் வந்து இருங்கள்.*
*இருட்டாக இருக்கிறது என்று*
*ஒருவராவது உரத்துச் சொல்லுங்கள்.*
*சொன்னவரைக் கட்டிக்கொண்டு*
*நான் நித்திரையாவேன்.*

வாசித்து முடித்தாள். ஒருவரும் அசையவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மௌனத்துக்கு உரிய நேரம் எப்போதோ கடந்து போயிருந்தது. 'நன்றி, இருங்கள்' என்று சொல்ல வேண்டிய தலைவர் அதைச் சொல்லவில்லை. மறந்துபோனாரா, சொல்ல முடியாமல் நின்றாரா என்பதில் ஒன்றியத்துக்குள் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

ஒலிவாங்கி வழியாக மண்டபத்துக்கும் கிரேஸின் குரல் கேட்டது. "சனம் போய்விட்டதா என்று அப்பா கேட்கிறார். எங்கள் ஊரில் இந்தக் கவிதையின் பாதியிலேயே கதிரை இழுபடும்."

"ஒருவரும் போகவில்லை," என்றாள் பஸ்னா. "எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்."

"எழுந்தா? யாருக்காக?"

பஸ்னா மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். பிறகு மண்டபத்தைப் பார்த்தாள். அந்த முகங்களில் இப்போது சம்பிரதாயம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. "உங்கள் அப்பாவுக்காக," என்றாள். அது பொய்யில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கிரேஸ் அதைத் தங்கள் மொழியில் சொல்வது கேட்டது. அதன்பிறகு ஒரு கிழக் குரல், உடைந்து, இருமலோடு, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத உயிரோடு, மண்டபத்தின் ஒலிபெருக்கிப் பெட்டிகளெல்லாம் அதிரப் பேசியது. குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை யோகலிங்கம் மெல்ல ஊதி அணைத்தார்.

அதைக் கிரேஸ் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு பஸ்னா சபையைப் பார்த்தாள். கண்ணீரும் சிரிப்புமாக ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"கவிஞர் உங்களை இருக்கச் சொல்றார்," என்றாள். "நெடுநேரம் நிண்டா கால் நோகுமாம்."

தலைவர் பாக்கியரத்தினம்தான் முதலில் கதிரையில் இருந்தார். அவரைப் பார்த்து மண்டபம் முழுவதும், ஒரு கதிரைச் சத்தமும் இல்லாமல் இருந்தது.